டெலிகன்வர்ட்டரும் ஜூம் லென்ஸின் ஃபோகஸ் துல்லியமும்

டெலிகன்வர்ட்டர் என்பது கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டப்படும் சிறிய கண்ணாடித் தொகுதி. லென்ஸ் தரும் பிம்பத்தைப் பெரிதாக்கிக் குவியத் தூரத்தை 1.4, 1.7 அல்லது 2 மடங்காக நீட்டும். அதற்கு விலையாக வெளிச்சம் போகும்: 1.4 மடங்குக்கு ஒரு ஸ்டாப், 2 மடங்குக்கு இரண்டு ஸ்டாப். குறைந்த வெளிச்சத்தை ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிச் சமாளித்துவிடலாம். ஆட்டோஃபோகஸ் பிசகினால் அப்படி ஈடுகட்ட வழியில்லை.

புதுச்சேரியில் இந்தக் கருவிக்கு ஆசைப்பட வைப்பவை இரண்டு ஏரிகள். வில்லியனூர் கொம்யூனில் உள்ள ஊசுட்டேரி சுமார் 800 ஹெக்டேர் பரப்புடையது. அதில் ஏறத்தாழ பாதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கும். புதுச்சேரிப் பகுதி 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தெற்கே, தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக நீர் பெறும் பாகூர் ஏரி. வடகிழக்குப் பருவமழையில் இரண்டும் நிரம்பியதும் வலசை வாத்துகள் வந்து இறங்கும். கூழைக்கடாவும் நாமக்கோழியும் கூடும். படம் எடுப்பவருக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் ஏரிக்கரைதான். பறவை நடு ஏரியில் இருக்கும். கையிலுள்ள 400 அல்லது 500 மி.மீ. போதாது என்று தோன்றுவது இயல்பு.

துல்லியம் ஏன் குறைகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. லென்ஸின் ஃபோகஸ் சிறிது முன்பின்னாக விழுந்தால், டெலிகன்வர்ட்டர் அந்தப் பிழையைத் தன் பெருக்கத்தின் வர்க்க அளவுக்கு நீட்டுகிறது: 1.4க்கு இரு மடங்கு, 2க்கு நான்கு மடங்கு. துளை எண் கூடுவதால் சென்சார் பொறுத்துக்கொள்ளும் எல்லையும் விரியும். ஆனால் அது 1.4 மடங்கோ 2 மடங்கோதான். 0.02 மி.மீ. மங்கலை ஏற்கலாம் என்று கொண்டால், எஃப் 5.6இல் முன்னும் பின்னும் 0.11 மி.மீ. வரை பிழை தாங்கும். லென்ஸின் பிழை 0.1 மி.மீ. என்றால் படம் கூர்மைதான். 1.4 கன்வர்ட்டர் மாட்டியதும் அதே பிழை 0.2 மி.மீ. ஆகிறது, எஃப் 8 தாங்குவதோ 0.16. நேற்றுவரை நன்றாக இருந்த லென்ஸ் இன்று கெட்டுவிட்டதாகத் தோன்றும். கெட்டது எதுவுமில்லை, மறைந்திருந்த பிழை வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான். கேனானின் இ.எஃப். வகைக் கருவிகள் கன்வர்ட்டர் இருப்பதை உணர்ந்ததும் ஃபோகஸ் மோட்டாரின் வேகத்தை 1.4க்குப் பாதியாகவும், 2க்குக் கால்வாசியாகவும் குறைப்பது துல்லியத்தைக் காப்பதற்காகத்தான். பறக்கும் பறவையைத் தொடர்பவருக்கு அது எரிச்சல்தான்.

டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் இன்னொரு தடையும் உண்டு. அதன் ஃபோகஸ் உணரி லென்ஸின் எதிரெதிர் ஓரங்களிலிருந்து வரும் ஒளியை ஒப்பிட்டு அளக்கிறது. எஃப் 5.6க்கு வடிவமைத்த உணரி பார்க்கும் ஓரங்கள், துளை எஃப் 8ஆகச் சுருங்கினால் மறைந்துவிடும். எஃப் 8க்கு உரிய புள்ளிகள் வேலை செய்யும்; ஆனால் ஓரங்களுக்கிடையே தூரம் குறைவு என்பதால் அளவீட்டின் நுட்பமும் குறையும். கேனான் 5டி மார்க் 3க்கு எஃப் 8 ஃபோகஸ் 2013இல் வந்த மென்பொருள் புதுப்பிப்பில்தான் கிடைத்தது. அதுவும் நடுப்புள்ளியை ஒட்டி மட்டும். 2016இல் வந்த நிக்கான் டி500இல் 153 புள்ளிகள் இருந்தும் எஃப் 8க்கு 15தான். கன்வர்ட்டரின் தொடர்புமுனைகள் சிலவற்றில் டேப் ஒட்டிக் கேமராவை ஏமாற்றும் பழைய உத்தி ஒன்று உண்டு. கேமரா எஃப் 5.6 என்று நம்பி முயலும். வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதும் அதற்குத் தெரியாது. நல்ல வெயிலில் சில படங்கள் தேறும். விடியலில் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும்.

ஜூம் லென்ஸில் சிக்கல் இரட்டிப்பு. 100–400 எஃப் 4.5–5.6 லென்ஸ், 1.4 கன்வர்ட்டருடன் 140–560 எஃப் 6.3–8 ஆகும், ஜூமை நீட்ட நீட்ட உணரிக்குக் கிடைக்கும் துளை சுருங்கும். ஃபோகஸ் பிழையும் இரு முனைகளிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு குவியத் தூரத்தில் ஃபோகஸ் செய்து பிறகு ஜூமைத் திருப்பினால் பெரும்பாலான லென்ஸ்களில் அது நகர்ந்துவிடும். திரும்பவும் ஃபோகஸ் செய்தாக வேண்டும். கேனான் 2012 முதல் உயர்வகை உடல்களில் ஜூமின் அகல முனைக்கும் நீள முனைக்கும் தனித்தனித் திருத்தம் வைத்தது. லென்ஸும் கன்வர்ட்டரும் சேர்ந்த இணையைத் தனி லென்ஸாகவே பதிந்துகொள்ளும். சிக்மாவின் யு.எஸ்.பி. டாக், நான்கு குவியத் தூரங்களில் நான்கு தொலைவுகள் என 16 திருத்தங்களை ஏற்கும். ஒரே எண்ணைத்தான் ஏற்கும் கேமரா என்றால் நீள முனைக்குச் சரிசெய்வதே நியாயம். கன்வர்ட்டர் மாட்டியவர் ஜூமைச் சுருக்கி வைத்துக்கொள்ளப் போவதில்லை.

மிரர்லெஸ் கேமராக்கள் படம் பதியும் சென்சாரிலேயே அளப்பதால் இந்தத் திருத்தங்கள் பெரும்பாலும் தேவையற்றுப் போயின. 2020இல் வந்த கேனான் ஆர்5 எஃப் 22 வரை ஃபோகஸ் செய்யும். ஆனால் ஆர்.எஃப். 100–500 லென்ஸில் கன்வர்ட்டர் மாட்ட, ஜூமை 300 மி.மீ.க்கு மேல் நீட்டியே வைத்திருக்க வேண்டும், 1.4உடன் நீள முனை 700 மி.மீ. எஃப் 10. சோனி 200–600 எஃப் 9இல் நிற்கும். மங்கலான காலையில் இவையும் தயங்கும்.

ஏரிக்கரையில் பெரும்பாலும் ஃபோகஸ் மீது விழும் பழி உண்மையில் காற்றுக்கு உரியது. 700 மி.மீ. எஃப் 8இல், 30 மீட்டரில் தாமரை இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழிக்குக் கூர்மையின் ஆழம் 60 செ.மீ.க்கும் சற்றுக் குறைவு. அங்கே 40 செ.மீ. பிசகினாலும் பறவை போய் இலை விளிம்பு கூர்மையாகும். நடுப்புள்ளி ஒன்றை மட்டும் கழுத்தில் வைப்பது பலன் தருவது இங்கேதான். 200 மீட்டருக்கு அப்பாலுள்ள கூழைக்கடாவுக்கு அதே கணக்கு சுமார் 26 மீட்டர் ஆழம் தருகிறது. ஃபோகஸ் தவற அங்கே பெரிதாக வாய்ப்பில்லை. ஆனாலும் படம் குழைந்திருக்கும். வெயில் ஏறியதும் கரைக்கும் நீருக்கும் மேலே அலையும் கானல் காரணம். கன்வர்ட்டர் அந்தக் கானலையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது. ஆகவே, தூரத்துப் பறவைக்காக வாங்கும் கருவி கிட்டத்துச் சிறு பறவைக்கே அதிகம் உதவுகிறது. தூரத்துக்கு விடியலின் முதல் ஒரு மணி நேரம்தான். அதன் பிறகு கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கணினியில் வெட்டிக்கொள்வதால் இழப்பு அதிகமில்லை. நீர்மேல் வளைந்து திரும்பும் மீசை ஆலாவுக்கும் வெறும் லென்ஸே மேல்.

பாகூரில் சம்பா அறுவடை நேரத்தில் கழற்றி மாட்டும்போது கவனம் தேவை. வைக்கோல் தூசி தொடர்புமுனைகளில் படிந்தால் லென்ஸும் கேமராவும் பேசிக்கொள்வது தடைபட்டு ஃபோகஸ் விட்டுவிட்டு வேலை செய்யும். கன்வர்ட்டரால் முனைகள் இரண்டு இணைகளாகிவிடுவதால் இரண்டையும் உலர்ந்த மென்துணியால் துடைக்க வேண்டும்.