முள் வளைந்த சேவல்: ஓசூர் எல்லைப் புறக்கடையின் வரலாறு

தமிழ்நாட்டின் வடமேற்கு மூலையில், கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் தொட்டுக் கிடக்கும் ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் கோழி வளர்ப்பு மிகப் பழையது என்றாலும், கிழச்சேவல் எக்காலத்திலும் அரிதாகவே இருந்துள்ளது. ஓர் ஈட்டில் பொரித்த குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி சேவலாகும் நிலையில், ஒரு கோழிக்கூட்டத்துக்கு ஒன்றிரண்டு சேவல்களே போதும் என்பதால், மற்றவை ஆண்டு நிறையும் முன்பே சந்தைக்கோ, விருந்துக்கோ, காவுக்கோ போய்விடும். எஞ்சி நிற்கும் அந்த ஒன்றிரண்டின் முதுமையைப் பற்றி மனிதர்கள் என்ன அறிந்திருந்தார்கள், அந்த அறிவு எவ்வாறு தேய்ந்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இன்றைய நாட்டுக்கோழியின் முதன்மை மூதாதை செந்நிறக் காட்டுக்கோழி; ஆனால் நாட்டுக்கோழியின் கால்களில் காணும் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான மரபணு தென்னிந்தியக் காடுகளுக்குரிய சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்பது 2008இல் வெளியான மரபியல் ஆய்வால் தெளிவாயிற்று. அந்தச் சாம்பல் காட்டுக்கோழி ஓசூருக்குத் தெற்கே காவிரிவரை நீளும் மேலகிரி மலைகளில் இன்றும் திரிகிறது. புறக்கடைச் சேவலின் உறவினம் கூப்பிடு தூரத்தில் வாழும் நிலம் இது.

சேவல் மதிக்கப்பட்ட விலங்கு என்பதற்குக் கல்லே சான்று சொல்கிறது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், போரிட்டு மடிந்த ஒரு சேவலுக்காக எழுத்தும் உருவமும் பொறித்து நடுகல் எடுத்திருக்கிறார்கள். மனிதருக்கு எடுக்கும் வீரக்கல்லைப் பறவைக்கும் எடுத்த சமூகம், அந்தப் பறவையை நாள்தோறும் உற்றுப் பார்த்த சமூகமாகவே இருந்திருக்க வேண்டும். ஊர்ப்புறங்களில் சேவலுக்கு நீண்ட ஆயுள் தந்த மற்றொரு வழக்கம், மாரியம்மனுக்கோ முனீஸ்வரனுக்கோ நேர்ந்துவிடுவது. நேர்ந்துவிட்ட சேவலைத் திருவிழா வரும்வரை விற்கவோ அறுக்கவோ மாட்டார்கள் என்பதால், திருவிழா தள்ளிப்போனால் அது கூடுதலாகச் சில ஆண்டுகள் வாழ்ந்து முதிரும். இந்த நேர்த்திக்கடனின் முடிவான உயிர்ப்பலியைக் கோயில்களில் தடைசெய்த 1950ஆம் ஆண்டுச் சட்டம் நெடுங்காலம் ஏட்டளவில் கிடந்து, 2003இல் கடுமையாக நடைமுறைக்கு வந்து, மக்களின் எதிர்ப்புக்குப்பின் 2004இல் நீக்கப்பட்டது.

சேவலின் வயதைக் கோழி வளர்ப்போர் அதன் காலைப் பார்த்தே சொல்வார்கள். கணுக்காலின் உட்புறம் எலும்பின்மேல் கொம்புப்பொருள் மூடி வளரும் கூர்ப்பகுதிக்கு முள் என்று பெயர். ஓராண்டுக்குட்பட்ட சேவலில் அது வெறும் குமிழாக இருக்கும். ஆண்டுகள் ஏற ஏற நீண்டு வளையும். மிக முதிர்ந்த சேவலில் ஒரு காலின் முள் மறுகாலை உரசுவதால், காலை அகட்டி வைத்து நடக்கத் தொடங்கும். மூட்டு இறுகிய சேவல் பழகிய புளியமரக் கிளைக்குப் பறந்து ஏறாமல், கீழே வண்டியின் நுகத்தடியிலோ திண்ணை ஓரத்திலோ அடையும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரில் மார்கழிக் குளிர் உறைக்கும் என்பதால், அந்த மாதத்தில் இம்மாற்றம் முதலில் கண்ணில் படும்.

முதுமையில் வரும் குணமாற்றத்தின் வேரை அறிவியல் தேடிச் சென்றதும் சேவலின் வழியாகவே. 1849இல் ஜெர்மனியின் கட்டிங்கன் நகரில் அர்னால்டு பெர்தோல்டு, ஆறு இளஞ்சேவல்களின் விரைகளை அகற்றியும் இடம்மாற்றி வைத்தும் சோதித்தார். விரை முற்றும் இழந்தவை கொண்டை சுருங்கி, கூவாமல், சண்டையை விட்டொழிந்தன. வயிற்றுக்குள் விரை ஒட்டிப் பிழைத்தவையோ முழுச்சேவல்களாகவே வளர்ந்தன. இரத்தத்தில் கலந்து உடலை ஆளும் சுரப்புப் பொருள்களை, அதாவது ஹார்மோன்களை ஆராயும் துறைக்கு இதுவே முதல் சோதனை எனக் கருதப்படுகிறது. வயது ஏற அந்தச் சுரப்பு குறையும்போது கொண்டையின் செம்மை மங்குவதும், பெட்டைகளை மிதிப்பது குறைவதும், இரை கண்டால் கொக்கொக்கென்று கூட்டத்தை அழைக்கும் பழக்கம் தளர்வதும் ஒரே மூலத்திலிருந்து வருபவை.

ஆயினும் உடல் பாதிக் கதைதான். மீதி, கூட்டத்தில் அதற்குள்ள இடத்தைப் பொறுத்தது. கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற தரவரிசை உண்டு என்பதை நார்வே நாட்டவரான ஷெல்டெரூப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் எழுதி நிலைநாட்டினார். 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், விடியலில் முதலில் கூவும் உரிமை தரவரிசையில் முதலிடத்துச் சேவலுக்கே உரியது, மற்றவை அதன்பின் வரிசைப்படி கூவும், முதலிடத்துச் சேவலை அகற்றினால் இரண்டாவது முந்திக்கொள்ளும் என்று காட்டினர். ஆகவே முதல் கூவலை நிறுத்திவிட்ட கிழச்சேவல் தொண்டை கெட்டதாகவோ நோயுற்றதாகவோ இருக்க வேண்டியதில்லை. தன் மகனிடம் தோற்றிருக்கலாம். பருந்தைக் கண்டு குரல் கொடுப்பதும் அப்படியே: அண்மையில் பெட்டையோடு சேர்ந்த சேவல்களே வான்வழிப் பகைக்கு மிகுதியாக எச்சரிக்கின்றன என்று ஆஸ்திரேலிய ஆய்வொன்று கண்டது. முதிய சேவலின் மௌனத்தைக் கண்பார்வைக் குறைவு என்று மட்டும் முடிவுகட்டுவது சரியன்று.

இந்த நிலத்தில் கால்நடை பற்றிய அரசு முயற்சிக்கு இரு நூற்றாண்டு வயது. ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824இல் படைக் குதிரைகளுக்காகத் தொடங்கி, 1,600 ஏக்கருக்கு மேல் பரந்த பண்ணை, பின்னாளில் மாடு, ஆடு, பன்றி, கோழி எனப் பலவற்றுக்கும் இடம் தந்தது. கோழியின உற்பத்திக்கென்றே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஒரு கல்லூரியும் ஓசூரில் உள்ளது. ஆனால் நவீனக் கோழித்தொழிலில் முதுமைக்கு இடமில்லை. கறிக்கோழி ஆறு வாரத்தில் விற்பனைக்குப் போகிறது. கறிக்கோழிக் குஞ்சுக்கான தாய்க்கோழிப் பண்ணைகளில் சேவல் ஏறத்தாழ 65 வாரத்தில் கழிக்கப்படுகிறது. அதற்கு முன்பே கருவுறும் விகிதம் குறைந்தால் இளஞ்சேவல்களைக் கூட்டத்தில் புகுத்துவார்கள். கிழச்சேவலைப் பற்றிய அறிவு பண்ணையில் பிறக்க வழியில்லை. அதைக் காத்து வந்தவர்கள் பஞ்சாரம் கவிழ்த்த வீட்டுப் பெண்களே.

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் வந்து, வாகனத் தொழிற்சாலைகளும் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் 1980களில் எழுந்தபின், கேழ்வரகுக் காடுகள் வீட்டுமனைகளாயின. களமும் குப்பைமேடும் கொண்ட புறக்கடை, சுற்றுச்சுவருக்குள் ஒடுங்கியது. முன்பு தோற்ற சேவல் களத்தின் ஓரத்துக்கு ஒதுங்கி உயிர் பிழைக்கும். சுவருக்குள் அதற்கு ஓட இடமில்லாததால் நாளும் கொத்துப்பட்டு, இரைக்கு அஞ்சி, மூலையில் நின்று மெலிகிறது, அல்லது அருகில் வரும் மனிதர்மீதே பாய்கிறது. அகாலத்தில் கூவும் சேவலைக் கெட்ட சகுனம் என்று அறுத்துவிடும் வழக்கம் இந்தியாவில் பரவலாக உண்டு. ஆனால் வெளிச்சமும் பிற சேவல்களின் குரலும் கூவலைத் தூண்டும் என்பது 2013ஆம் ஆண்டு ஆய்வில் உறுதிப்பட்டது. இரவு ஷிப்ட் பேருந்துகளின் முகப்பு விளக்கும் தெருவிளக்கும் விழும் முற்றத்தில் சேவல் நள்ளிரவில் கூவினால், பழியை அதன்மேல் போடுவது அநியாயம்.

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் 85 கோடிக் கோழியினப் பறவைகளில் ஏறத்தாழ 32 கோடி புறக்கடையில் வளர்பவை; கோழியின எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம் வகிக்கிறது. இந்தப் புறக்கடைகளில் முதிர்ந்த சேவல் வைத்திருப்போர், அது சட்டென ஒடுங்கினால் வெள்ளைக்கழிச்சல் நோயா, காலில் புண்ணா என்று முதலில் பார்த்துக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மெல்ல மெல்ல ஒடுங்கினால் அடையும் கட்டையைத் தாழ்த்தி, வளைந்த முள்ளின் நுனியை இரத்தம் வராமல் தேய்த்து, இளஞ்சேவல் எட்டாத இடத்தில் இரையும் தண்ணீரும் வைத்தால் போதும்.