மோட்டார் நகரின் மறந்துபோன பாட்டுகள்



இன்றைய பேச்சில் நாம் அமெரிக்க ஐக்கிய நாட்டில், மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் டெட்ராய்ட் நகருக்குப் போய் வருவோம். நம்மில் பலருக்கு அந்நகரின் பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் நமக்கும் அதற்கும் உள்ள தொடர்பு பழையது. நம் பாட்டன்மார் விடியற்காலையில் எழுந்து பால்மரங்களில் எடுத்த பால், உறைந்து, ஷீட்டாகிக் கப்பலேறிப் போனதல்லவா? அதில் பெரும்பங்கை வாங்கிய நாடு அமெரிக்கா. அங்கே அது டயராக மாறியது. அந்த டயர்களை மாட்டிக்கொண்டு ஓடிய கார்களில் மிகப் பலவற்றைச் செய்து அனுப்பிய ஊர் டெட்ராய்ட். அதனால்தான் அதற்கு 'மோட்டார் நகர்' என்றே பெயர் வந்தது.

ஹென்றி ஃபோர்டு தம் நிறுவனத்தை 1903ஆம் ஆண்டில் தொடங்கினார். 1913இல் நகரும் வரிசை முறையைத் தொழிற்சாலையில் புகுத்தினார். கார் தொழிலாளியிடம் நகர்ந்து வரும்; ஒருவர் ஓர் ஆணியை முடுக்குவார், அடுத்தவர் ஒரு சக்கரத்தை மாட்டுவார். 1914இல் நாளொன்றுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்தார். அக்காலத்தில் அது பெருந்தொகை. செய்தி பரவியது. தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளில் அடிமைகளாக உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளான கறுப்பின மக்கள், மூட்டை முடிச்சுகளுடன் இரயிலேறி வடக்கே வந்தார்கள். மெக்சிகோவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் மக்கள் வந்தார்கள். 1950இல் டெட்ராய்டின் மக்கள்தொகை 18 இலட்சத்து 49 ஆயிரத்தைத் தாண்டியது.

பிழைப்புத் தேடி ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் தம்மோடு எதைக் கொண்டுபோகிறார்கள்? பாட்டைக் கொண்டுபோகிறார்கள். இதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பின மக்கள் தேவாலயத்தில் பாடிய பாட்டும், துன்பத்தைச் சொல்லும் புளூஸ் என்ற பாட்டும் சேர்ந்து பிறந்ததே சோல் இசை. சோல் என்றால் ஆன்மா. தேவாலயத்தில் ஆண்டவனை அழைத்த அதே குரலால், தெருவில் காதலியை அழைத்தார்கள் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

டெட்ராய்டில் கார் தொழிற்சாலையின் வரிசையில் நின்று வேலை பார்த்த பெரி கோர்டி என்ற இளைஞர், குடும்பத்தாரின் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் பெற்று, 1959இல் இசைத்தட்டுத் தொழிலைத் தொடங்கினார். மோட்டார் டவுன் என்பதைச் சுருக்கி 'மோட்டவுன்' என்று பெயர் வைத்தார். சாதாரண வீடு ஒன்றே ஒலிப்பதிவுக் கூடமாயிற்று. கார் செய்யும் முறையிலேயே பாட்டும் செய்தார். எழுதுவோர் தனி, இசைப்போர் தனி, பாடுவோர் தனி. முடிவில் ஒரு கூட்டம் கூடி, எந்தப் பாட்டு வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று வாக்கெடுக்கும். இந்த முறையால் மோட்டவுன் உலகப் புகழ் பெற்றது. ஆனால் தேர்ந்தெடுப்பது என்றாலே ஒதுக்குவதும் உண்டு. ஒதுக்கப்பட்டவை என்ன ஆயின? அதுதான் இன்று நாம் கேட்கவேண்டிய கேள்வி.

முதலில் ஒரு சோல் பாட்டின் கதை. ஃபிராங்க் வில்சன் என்பவர் மோட்டவுனின் லாஸ் ஏஞ்சலஸ் கிளையில் பாட்டு எழுதுபவராக இருந்தார். 1965இல் தாமே எழுதிய ஒரு காதல் பாட்டைத் தாமே பாடிப் பதிவு செய்தார். சுமார் 250 மாதிரித் தட்டுகள் அச்சாயின. அதற்குள், இவர் பாடகராவதைவிடப் பிறருக்குப் பாட்டுத் தயாரிப்பவராக இருப்பதே நல்லது என்று முடிவாயிற்று. வில்சனும் இசைந்தார். தட்டுகள் அழிக்கப்பட்டன. பிழைத்தவை இரண்டே இரண்டு என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது.

அந்தப் பாட்டு உயிர்பெற்று எழுந்தது அமெரிக்காவில் அல்ல, வட இங்கிலாந்தில். மான்செஸ்டர், விகன் போன்ற ஊர்கள் அப்போது நூலாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்தவையாக இருந்தன. அங்கே வாரம் முழுதும் உழைத்த இளந்தொழிலாளர்கள் சனிக்கிழமை இரவு வேகமான சோல் பாட்டுக்கு ஆடுவார்கள். 1960களின் இறுதியில் அமெரிக்க இசையின் போக்கு மாறிற்று; இவர்கள் விரும்பிய பழைய பாணித் தட்டுகள் புதிதாக வருவது நின்றது. என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் விற்காமல் கிடங்குகளில் தூசி படிந்து கிடந்த பழைய தட்டுகளைத் தேடி எடுத்தார்கள். டேவ் கோடின் என்ற பத்திரிகையாளர் 1970இல் இந்த விருப்பத்துக்கு 'வடக்கத்திச் சோல்' என்று பெயர் சூட்டினார். 1973 செப்டம்பரில் விகன் கேசினோ என்ற மண்டபத்தில் விடிய விடிய ஆட்டம் தொடங்கியது. 1981 டிசம்பர் வரை நடந்தது. அந்த இரவுகளில் மது விற்பனை கிடையாது. சுழன்று ஆடுவதற்கு வசதியாகத் தரையில் முகப்பவுடரைத் தூவிக்கொள்வார்களாம்!

1970களின் இறுதியில் வில்சனின் தட்டு அங்கே ஒலித்தது. தட்டுச் சுழற்றுவோரிடையே போட்டி கடுமை. இன்ன பாட்டு என்று மற்றவர் அறியாதிருக்க, உண்மைப் பெயரை மறைத்து, எட்டி ஃபாஸ்டர் என்ற வேறொரு பெயரில் அதை ஒலிக்கச் செய்தார்கள். கூட்டம் மயங்கியது. பிறகே உண்மை வெளிவந்து, 1979இல் அந்தப் பாட்டு முறையாக வெளியிடப்பட்டது. பழைய தட்டில் ஒன்று 2009இல் 25,742 பவுனுக்கு விற்றது. 2020இல் ஒரு தட்டு ஒரு இலட்சம் பவுன் விலை பெற்றது.

அடுத்தது ஒரு ராக் பாடகரின் கதை. ரொட்ரிகெஸ் 1942இல் டெட்ராய்டில் மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தார். ஆறாவது பிள்ளையானதால் சிக்ஸ்டோ என்று பெயரிட்டார்கள். ஏழைகளின் தெரு, வேலையில்லாத் திண்டாட்டம், போதைப்பொருளின் கேடு ஆகியவற்றைக் கிதார் மீட்டிப் பாடினார். 1970இலும் 1971இலும் இரண்டு இசைத்தட்டுகள் வெளிவந்தன. அமெரிக்காவில் இரண்டும் விற்கவில்லை. 1975இல் அந்த இசைத்தட்டு நிறுவனமே மூடப்பட்டது. ரொட்ரிகெஸ் பழைய வீடுகளை இடிக்கும் வேலைக்கும், பழுது பார்க்கும் வேலைக்கும் போனார். அப்படி உழைத்துக்கொண்டே படித்து, 1981இல் தத்துவத்தில் பட்டமும் பெற்றார்.

அவர் அறியாமல் தென்னாப்பிரிக்காவில் வேறொரு கதை நடந்தது. நிறவெறிச் சட்டங்கள் ஆண்ட அந்நாட்டில், ஆட்சியை வெறுத்த வெள்ளை இளைஞர்கள் அவர் பாட்டை வீட்டுக்கு வீடு வைத்துக் கேட்டார்கள். அரசு வானொலியின் நூலகத்திலிருந்த தட்டில், ஊசி ஓடாதபடி சில பாட்டுகளைக் கீறி வைத்திருந்தார்கள். பாடியவர் மேடையிலேயே தற்கொலை செய்துகொண்டார் என்று வதந்தி பரவியது. ஸ்டீவன் செகர்மன் என்ற ரசிகரும் கிரெய்க் பார்தலோமியு என்ற பத்திரிகையாளரும் அவரைத் தேடினார்கள். பாட்டில் வந்த டியர்பார்ன் என்ற ஊர்ப் பெயர் வழிகாட்டியது. அது டெட்ராய்டை அடுத்த ஊர். 1997இல் அவர் உயிருடன் இருப்பது தெரிந்தது. 1998இல் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் முன் பாடினார். 2012இல் இக்கதை ஆவணப் படமாகி, 2013இல் ஆஸ்கார் விருதும் பெற்றது. ரொட்ரிகெஸ் 2023 ஆகஸ்டில், தமது 81ஆம் வயதில் காலமானார்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படத்தைப் பார்த்தவர்கள், 1998 வரை உலகில் வேறெங்கும் அவர் மேடை ஏறவில்லை என்று எண்ணக்கூடும். உண்மையில் ஆஸ்திரேலிய ரசிகர்கள் அவரை முன்பே அறிந்திருந்தார்கள். 1979இலும் 1981இலும் அங்கே போய்ப் பாடியிருக்கிறார். படம் அதைச் சொல்லாமல் விட்டது. கதை சுவைக்க வேண்டும் என்பதற்காக வரலாற்றில் ஒரு பக்கத்தைக் கிழிப்பது முறையாகாது. மறந்தவரை மீட்கும் முயற்சியிலும் ஒரு மறதி புகுந்துவிடுகிறது, பாருங்கள்.

மூன்றாவது கதை மூன்று சகோதரர்களுடையது. டேவிட், பாபி, டானிஸ் ஹாக்னி என்பவர்கள் டெட்ராய்டின் கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளைகள். 1971இல் வீட்டிலேயே ஒரு குழு அமைத்தார்கள். கறுப்பினத்தவர் என்றால் சோல்தான் பாடவேண்டும் என்று சுற்றத்தார் எதிர்பார்த்த காலம் அது. இவர்களோ வேகமும் ஆவேசமும் கலந்த ராக் இசையை வாசித்தார்கள். தந்தையார் விபத்தில் இறந்தபின், மூத்தவரான டேவிட் குழுவுக்கு 'டெத்', அதாவது மரணம், என்று பெயர் வைத்தார். மரணத்தை அச்சமின்றிப் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1975இல் ஏழு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். பெரிய இசைத்தட்டு நிறுவனத்தின் தலைவர் ஒருவர், பெயரை மாற்றினால் ஆதரிக்கிறேன் என்றார். டேவிட் மறுத்துவிட்டார். 1976இல் கைக்காசு போட்டு 500 தட்டுகள் மட்டும் வெளியிட்டார்கள். கேட்பார் இல்லை.

நியூயார்க்கிலும் இலண்டனிலும் 1970களின் நடுவில் புறப்பட்ட பங்க் என்ற இசை, அலங்காரமில்லாத, குறுகிய, கோபமான இசை. அது பரவலாக அறியப்படுவதற்கு முன்பே அதற்கு ஒப்பானதை இவர்கள் பதிவு செய்து வைத்திருந்தார்கள். டேவிட் 2000ஆம் ஆண்டில் புற்றுநோயால் இறந்தார். இறப்பதற்கு முன், மூல ஒலிநாடாக்களைத் தம்பி பாபியிடம் ஒப்படைத்து, ஒரு நாள் உலகம் இதைத் தேடி வரும் என்றாராம். 2008இல், பழைய தட்டு சேகரிப்போர் வழியாக அந்தப் பாட்டு பாபியின் மகன் காதில் விழுந்தது. பாடும் குரல் தன் தந்தையின் குரல் என்பதை அவர் கண்டுகொண்டார்! அதுவரை வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. 2009இல் அந்த ஏழு பாட்டுகளும் தட்டாக வெளிவந்தன.

நேயர்களே, இம்மூன்று கதைகளையும் சேர்த்துப் பார்ப்போம். இவை மறக்கப்பட்டதற்குத் தரக்குறைவு காரணமன்று. ஒன்றில் நிறுவனத்தின் கணக்கு வேறாக இருந்தது. ஒன்றில் விற்பனை சரியாக அமையவில்லை. மற்றொன்றில், இன்ன இனத்தார் இன்ன பாட்டைத்தான் பாடவேண்டும் என்ற எண்ணம் குறுக்கே நின்றது. மீண்டதற்கும் காரணங்கள் உண்டு. ஏதோ ஒரு பிரதியாவது அழியாமல் இருந்தது. அதைத் தேடுவதற்கு யாரோ ஒருவருக்கு ஆசை இருந்தது. பெரும்பாலும் அந்த ஆள், பாட்டுப் பிறந்த ஊரைச் சேர்ந்தவர் அல்லர். விகனின் தொழிலாளி, கேப் டவுனின் ரசிகர்.

'குன்றிமணி குப்பையில் கிடந்தாலும் நிறம் குன்றாது' என்று நம் பெரியோர் சொல்வார்கள். ஆறுதலான பழமொழிதான். ஆனால் பாட்டின் விஷயத்தில் அதை அப்படியே ஏற்க முடியாது. தட்டு உடையும். ஒலிநாடா பூஞ்சை பிடிக்கும். குப்பையைக் கிளறிப் பார்க்க ஓர் ஆள் வராவிட்டால் நிறம் இருந்தும் பயனில்லை. வில்சனின் 250 தட்டுகளும் அழிந்திருந்தால், அப்படி ஒரு பாட்டு இருந்ததென்றே நாம் அறிந்திருக்க மாட்டோம். அப்படி அழிந்தவை எத்தனையோ!

மீட்பு என்பது நீதியாகிவிடுமா என்றும் நாம் கேட்க வேண்டும். ஒரு இலட்சம் பவுன் போய்ச் சேர்ந்தது தட்டை வைத்திருந்தவரிடம். வில்சன் அதற்கு முன்பே, 2012இல் காலமாகிவிட்டார். ரொட்ரிகெஸ் தம் வாழ்வின் வலுவான ஆண்டுகளைச் சம்மட்டியோடு கழித்தார். டேவிட் ஹாக்னி கைதட்டலைக் கேட்கவே இல்லை. தாமதமாக வரும் மாலை, கழுத்துக்கு வராமல் படத்துக்கு வருகிறது. ஆகவே பழையதைத் தேடுவது ஒரு கடமையென்றால், இருப்பவர் இருக்கும்போதே கேட்பது அதனினும் பெரிய கடமை.

டெட்ராய்டும் தளர்ந்துபோன நகரம்தான். ஆலைகள் வெளியேறின, 1967இல் நடந்த கலவரத்தில் 43 பேர் மாண்டனர், 1972இல் மோட்டவுன் நிறுவனமே லாஸ் ஏஞ்சலசுக்கு மாறிச் சென்றது, 2013இல் நகராட்சி கடனை அடைக்க முடியாமல் நொடித்தது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 6 இலட்சத்து 39 ஆயிரம் என்று சுருங்கிவிட்டது. ஆயினும் அந்தப் பாட்டுகளைக் கேட்டால், ஆலைச் சங்கு ஊதிய காலத்து டெட்ராய்ட் எழுந்து நிற்கிறது. கணக்கேடுகள் எத்தனை கார் செய்தார்கள் என்று சொல்லும். செய்தவர்களின் மனத்தில் என்ன இருந்தது என்பதைப் பாட்டுத்தான் சொல்லும்.

அந்தக் கார்களுக்குப் பால் எடுத்துக் கொடுத்த நம் தோட்டங்களும் பல மறைந்துவிட்டன. அங்கே பாடிய குரல்களில் சில, நம் வீட்டு அலமாரிகளில் பழைய ஒலிநாடாக்களாக இன்னும் இருக்கக்கூடும். நேயர்கள் ஒரு சிறு வேலை செய்யுங்கள். அப்படி ஒன்று கையில் கிடைத்தால், தூக்கி எறிவதற்கு முன் ஒருமுறை போட்டுக் கேளுங்கள். பாடியவர் யாரென்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். பிறகு உறையின் மேல் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் தெளிவாக எழுதி வையுங்கள். பின்னால் கேட்பவர்கள், வேறொருவர் பெயரைச் சொல்லிக் கைதட்டாமல் இருப்பதற்கு அது உதவும்.