மேலாடையின் மறுபாதி

நவம்பர் பிறந்துவிட்டால் ஐரோப்பிய நாட்டுப்புறம் தன் கடைசிப் பொன்னையும் உதிர்க்கத் தொடங்கிவிடும். செம்மையும் மஞ்சளுமாய் நின்ற மரங்கள் ஓரிரவுக் காற்றில் வெறுங்கிளைகளாகும். அறுவடை முடிந்த வயல்மீது மூடுபனி படுத்துக் கிடக்கும். மாலை முற்றுமுன்னே விளக்கேற்ற வேண்டிவரும். ஆயினும் அதனைத் துயரப் பருவம் என்று மட்டும் எண்ணிவிடலாகாது. களஞ்சியம் நிறைந்திருக்கும் காலம் அது. புதுத் திராட்சை இரசம் பீப்பாயில் தெளிந்து நிற்கும். வெளியே குளிர் ஏற ஏற, உள்ளே அடுப்பங்கரையின் அருமை பெருகும். இந்த எளிய இன்பங்களையெல்லாம் ஒரே முடிச்சாகக் கட்டிவைத்த நாள் ஒன்று உண்டு. அது நவம்பர் 11, தூர் நகர் ஆயராகிய புனித மார்ட்டினின் திருநாள்.

நம் நாட்டில் அந்நாள் ஐப்பசி அடைமழைக்கு நடுவே வந்து போகும். திருவழிபாட்டு நாட்காட்டியில் ஒரு வரி, காலைத் திருப்பலியில் ஒரு மன்றாட்டு, அவ்வளவே. இலையுதிர் காலம் என்ற ஒன்று நமக்கு இல்லாதபோது, அதன் வாசலில் நிற்கும் புனிதரும் நமக்குச் சற்று அயலவராகவே இருந்துவிடுகிறார்.

போர்ச்சுகல் நாட்டில் அன்று செஸ்ட்நட் கொட்டைகளைத் தீயிலிட்டுச் சுட்டு, விரல் சுடச்சுடத் தோலுரித்து உண்பர். அவ்வாண்டின் புது இரசத்தைச் சுவைப்பதும் அன்றுதான். அந்நாளையொட்டிச் சில வேளைகளில் வந்துபோகும் இளவெயிலுக்குப் 'புனித மார்ட்டினின் கோடை' என்றே பெயர். ஏழைக்கு ஆடை ஈந்தவருக்காக வானம் குளிரை நிறுத்திவைத்தது என்பது மக்கள் கூறும் காரணம். ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் பெருவாத்து வறுவல் இல்லாமல் இத்திருநாள் நடவாது. ஆயராகத் தம்மைத் தேடிவந்தவர்களுக்கு அஞ்சி மார்ட்டின் வாத்துக் கூட்டத்துள் ஒளிந்தாராம். வாத்துகள் கத்திக் காட்டிக்கொடுத்தனவாம். இனிய கதைதான். ஆனால் அவரை நேரில் அறிந்து அவர் வரலாற்றை எழுதிய சுல்பீசியுஸ் செவேருஸ் இதனைச் சொல்லவில்லை.

உண்மைக் காரணம் உழவர் வீட்டுக் கணக்கில் இருக்கிறது. அறுவடைத் தாளில் சிந்திய தானியத்தை மேய்ந்து வாத்துகள் கொழுத்திருக்கும் நேரம் இது. ஆடுமாடுகள் அனைத்தையும் குளிர்காலம் முழுவதும் காப்பாற்றத் தீவனம் போதாது. ஆகவே ஒரு பகுதியை அறுத்து உப்புக்கண்டம் போட்டுவிடுவர். ஒவ்வொரு பன்றிக்கும் அதன் மார்ட்டின் திருநாள் வந்தே தீரும் என்ற ஸ்பானியப் பழமொழி இவ்வழக்கத்திலிருந்து பிறந்தது. திருச்சபையின் கணக்கும் இதனோடு சேர்ந்தது. 5ஆம் நூற்றாண்டில் தூர் நகர் ஆயராயிருந்த பெர்பெத்துயுஸ், மார்ட்டின் திருநாள் முதல் கிறிஸ்து பிறப்பு விழா வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பு ஏற்படுத்தினார் என்று அவர் வழிவந்த ஆயர் கிரகோரியார் எழுதிவைத்திருக்கிறார். இன்றைய திருவருகைக் காலத்தின் மூத்த வடிவங்களுள் இது ஒன்று. நோன்புக்கு முன் ஒரு நிறைந்த விருந்து, மனித இயல்புதானே!

இவ்விருந்தின் மறுபக்கத்தை ஓவியர் பீட்டர் புரூகல் கூர்ந்து நோக்கியிருக்கிறார். ஸ்பெயின் நாட்டுப் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய 'புனித மார்ட்டின் நாள் திராட்சை இரசம்' என்னும் பெரிய துணி ஓவியம் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் கைவண்ணம்தான் என்பது 2010இல் உறுதி செய்யப்பட்டது. நடுவே மலைபோல் ஒரு பீப்பாய். அதைச் சுற்றி ஆணும் பெண்ணுமாய் ஒருவர்மேல் ஒருவர் ஏறி, கையில் கிடைத்த பாத்திரத்தையெல்லாம் நீட்டுகின்றனர். தள்ளாடுவோர், சண்டையிடுவோர், விழுந்து கிடப்போர் எல்லாரும் உண்டு. வலப்புறத்தில், குதிரைமீது அமர்ந்து, மார்ட்டின் தம் மேலாடையை அறுத்துக்கொண்டிருக்கிறார். கூட்டத்தின் ஆரவாரமெல்லாம் பீப்பாயைச் சுற்றியே. அவருடைய நாளைக் கொண்டாடுவதில் அவ்வளவு மும்முரம்!

மார்ட்டின் இன்றைய ஹங்கேரிப் பகுதியில், சவாரியா என்னும் ஊரில், உரோமைப் படைவீரரின் மகனாய்ப் பிறந்தவர். தாமும் கட்டாயத்தின்பேரில் படையில் சேர்ந்தவர். அப்போது அவர் திருமுழுக்குக்குத் தம்மை ஆயத்தம் செய்துகொண்டிருந்த இளைஞர். குளிரால் பலர் மடிந்த ஒரு கொடிய பருவத்தில், அமியான் நகர வாயிலில் ஆடையற்ற ஏழை ஒருவன் நின்றான். கடந்து சென்றோர் எவரும் இரங்கவில்லை. மார்ட்டினிடம் படைக்கலமும் ஒற்றை மேலாடையும் தவிர வேறெதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஏனையவற்றை முன்பே கொடுத்துத் தீர்த்திருந்தார். ஆடையை வாளால் இரண்டாக்கி ஒரு பாதியைக் கொடுத்தார். அரைகுறை ஆடையோடு நின்ற வீரரைக் கண்டு சிலர் சிரித்ததையும் செவேருஸ் மறவாது குறிக்கிறார். அன்றிரவு கனவில் அந்தப் பாதியைப் போர்த்தியபடி கிறிஸ்து தோன்றினார் என்பது நாம் அறிந்ததே. 397இல் ஆயர் மார்ட்டின் கான்ட் என்னும் சிற்றூரில் உயிர்நீத்தார். உடல் ஆற்று வழியே தூருக்குக் கொண்டுவரப்பட்டு நவம்பர் 11இல் அடக்கம் செய்யப்பட்டது. திருநாள் அந்த அடக்க நாளே.

அவர் தமக்கென வைத்துக்கொண்ட பாதியின் பின்கதை நெடிது. பிராங்கு அரசர்கள் அதனைப் பெருந்திருப்பண்டமாகப் போற்றினர், அதன்மீது ஆணையிட்டனர், போர்க்களத்துக்கும் எடுத்துச் சென்றனர். 'கப்பெல்லா' என்ற அச்சிறு மேலாடை இருந்த இடமே பின்பு 'சேப்பல்' ஆயிற்று. அதனைக் காத்த குருக்களின் பெயரிலிருந்து 'சாப்ளின்' என்ற சொல் வந்தது. நம் மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் நாள்தோறும் புழங்கும் சொற்கள் இவை. ஏழையின் தோளுக்குப் போன பாதியோ வரலாற்றில் எங்கும் இல்லை. அவன் பெயரைக்கூட எவரும் கேட்டு வைக்கவில்லை. ஒருவேளை அது கிழியும்வரை உடுத்தப்பட்டிருக்கும். ஆடைக்கு அதைவிட நல்ல முடிவு என்ன?

அந்த மறுபாதியை இத்திருநாளின் வரலாற்றிலேயே தேடிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அறுவடை முடிந்து கையில் பொருள் இருக்கும் நாளாதலால், குத்தகையும் வரியும் செலுத்தும் நாளாகவும் அது அமைந்தது. பெருவாத்துகள் பல, குத்தகையின் ஒரு பகுதியாகவே நிலக்கிழாரின் சமையற்கட்டை அடைந்தன. வளர்த்தவன் வேறு, உண்டவன் வேறு. ஸ்காட்லாந்தில் சட்டப்படியான தவணை நாட்களுள் 'மார்ட்டின்மஸ்' ஒன்று. 1990ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நவம்பர் 28க்கு மாற்றியது. பெயர் இன்னும் பழைய பெயரே.

வட இங்கிலாந்தில் அது பண்ணையாட்கள் எசமானரை மாற்றும் காலம். யார்க்ஷயரில் பழைய நாட்காட்டியை விடாது பற்றி நவம்பர் 23ஐக் கணக்கில் கொண்டனர். பண்ணையிலேயே உண்டு உறங்கி ஓராண்டு உழைத்த இளைஞனுக்கும் பணிப்பெண்ணுக்கும் கூலியின் பெரும்பகுதி அன்றுதான் கைக்கு வரும். நடுவில் விட்டுப் போனால் அதை இழக்க வேண்டியதுதான். சில நாள் விடுப்பில் தாய்வீடு சென்று, துணியைத் துவைத்துத் தைத்துக்கொண்டு, ஆள் அமர்த்தும் சந்தையில் வரிசையாக நிற்பார்கள். உழவர்கள் வந்து தோளையும் கையையும் நோட்டமிட்டுப் பேரம் பேசுவார்கள். ஒரு நாணயம் அச்சாரமாகக் கைமாறினால் அடுத்த ஓராண்டு அவ்வுழவருக்கு உரியது. அன்று மாலையே அதே சந்தையில் இராட்டினமும் இசையும் இனிப்பும் உண்டு. அச்சாரக் காசு அங்கேயே கரைந்துவிடுவதும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இது நீடித்தது. குளிர் ஏறும் நவம்பரில், விலை பேசப்படுவதற்காகச் சதுக்கத்தில் நின்ற அப்பிள்ளைகளை, அமியான் வாயிலில் நின்றவனின் உறவினர் என்றே நான் எண்ணுகிறேன்.

ஜெர்மனியில் இந்நாள் குழந்தைகளுக்கு உரியதாயிற்று. 1483 நவம்பர் 10இல் பிறந்து மறுநாள் திருமுழுக்குப் பெற்ற குழந்தைக்கு அந்நாள் புனிதரின் பெயரே இடப்பட்டது; அவரே மார்ட்டின் லூத்தர். எர்பர்ட் நகரில் நவம்பர் 10 மாலை, கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் பேராலயத்து முன்றிலில் கூடி, காகித விளக்குகளை ஏந்தி, இரு மார்ட்டின்களையும் ஒருசேர நினைவுகூர்கின்றனர். 'மார்ட்டின் கொம்பு' என்னும் இனிப்பு ரொட்டியைப் பிட்டு, பக்கத்தில் நிற்பவருக்குப் பாதி கொடுக்கிறார்கள்.

ரைன் ஆற்றங்கரை ஊர்களில் விளக்கு ஊர்வலத்தின் முன்னே செந்நிற மேலாடையோடு ஒருவர் குதிரையில் வருவார். ஊர்ச் சதுக்கத்தில் தீ மூட்டியிருக்கும். அருகே கந்தலோடு ஒருவர் குறுகி அமர்ந்திருப்பார். வாள் உயரும், ஆடை இரண்டாகும், குழந்தைகள் மூச்சடக்கி நிற்பார்கள். பிறகு குதிரை ஒரு பாதியோடு இருளுக்குள் போய்விடும். மற்றப் பாதி தீயருகே இருப்பவரின் தோளில் இருக்கும்.