துட்டு

என்னிடம் ஒரு துட்டு இருக்கிறது. பேச்சுக்குச் சொல்லவில்லை, அசல் துட்டு. ஏறத்தாழ இன்றைய ஒரு ரூபாய் அகலம், மூன்று கிராம் செம்பு. ஒரு பக்கம் கிரீடம் வைத்த கேடயம். அதில் இடுப்பு வரை அலைக்குள் நின்று மேலே எழும்பும் சிங்கம். அது நெதர்லாந்தின் சீலாந்து மாகாணச் சின்னம். மறுபக்கம் ஒரு பெரிய 'வி'; அதன் இரு கால்களிலும் 'ஓ'வும் 'சி'யும் கோத்திருக்கின்றன. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை.

டச்சு மொழியில் இந்தக் காசின் பெயர் 'டௌட்'. எட்டு டௌட் ஒரு ஸ்டைவர், நூற்றறுபது டௌட் ஒரு கில்டர். நெதர்லாந்தில் அது மிக எளிய காசு. ஆனால் கப்பலேறினால் அதன் மதிப்பு ஏறிவிடும். பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், நான்கு டௌட்டே ஒரு ஸ்டைவர். ஊரில் அள்ளி அங்கே இறக்கினால் ஒன்றுக்கு இரண்டு. இந்த லாபம் தனியார் பைக்குப் போகக்கூடாது என்றுதான் 1726 முதல் கம்பெனி தன் முத்திரையோடு தனிக்காசு அடிக்க வைத்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பல மாதக் கடல் கடந்து அவை கிழக்கே வந்தன.

நம் கரையில் டச்சுக்காரர்கள் அதற்கு முன்பே காலூன்றியிருந்தார்கள். பழவேற்காட்டில் கோட்டை, 1658-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினம். ஜப்பானின் நாகசாகியில் வாங்கிய செம்பைச் சோழமண்டலக் கரைக்குக் கொண்டுவந்து விற்றார்கள். நாகப்பட்டினத்திலேயே காசும் அடித்தார்கள். அவற்றில் சிங்கம் இல்லை. ஒரு பக்கம் அம்மன் உருவம், மறுபக்கம் தமிழில் ஊர்ப்பெயர். உப்பும் மீனும் வாங்குகிறவர் கைக்குப் போகும் காசு அவருக்குப் பழகியதாக இருக்கவேண்டும் என்று அந்த வியாபாரிகளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு இந்த அம்மன் காசுதான் சிங்கக் காசைவிடப் பிரியமானது.

1781-இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. நூற்றாண்டு முடிவதற்குள் கம்பெனியே கலைந்தது. நெதர்லாந்திலும் சென்ட் வந்தபின் டௌட் விடைபெற்றது. ஆனால் பெயர் தங்கிவிட்டது. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இன்றும் பணத்துக்கு 'டூயிட்' என்பார்கள். மலிவான எதையும் சிங்களத்தில் 'துட்டு தெக்கே' என்று தள்ளுவார்கள், இரண்டு துட்டு பெறுமானம் என்று. டச்சுக்காரர்களுக்கோ, ஒரு பேச்சில் தன் கருத்தையும் சேர்ப்பது 'பையில் ஒரு டௌட் போடுவது'.

தமிழில் அது சில்லறையின் பெயராக நுழைந்து மொத்தப் பணத்துக்கும் பெயராகிவிட்டது. மீன்கூடை இறக்குகிறவரும் ஆட்டோ ஓட்டுகிறவரும் நாள் முடிவில் எண்ணுவது துட்டு. என் மேசையில் கிடக்கும் இந்தச் செம்பில் சிங்கத்தின் முகம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. யார் யார் விரல்களோ தேய்த்தது.