இளையபெருமாள் குழு அறிக்கை

தீண்டாமையையும் பட்டியல் சாதியினரின் கல்வி, பொருளாதார நிலையையும் ஆராய இந்திய அரசு 1965இல் அமைத்த குழு, 1969இல் அளித்த அறிக்கை. ஒரு சட்டம் எங்கே தொடங்கி எப்படி உருப்பெறுகிறது என்று அறிய விரும்புவோர் அவசியம் படிக்க வேண்டிய அரசு ஆவணங்களுள் இது ஒன்று.

பின்னணி: குழுவின் தலைவர் இளையபெருமாளின் சிதம்பரம் வட்டாரத்தில் தீண்டாமை எதிர்ப்புக்கு நெடிய முன்வரலாறு உண்டு. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் கல்விக்கழகம் நிறுவி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்விக் கண் திறந்தார். பின்னர் சென்னை மாகாணச் சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார். அடுத்த தலைமுறையில் எழுந்த பெருந்தலைவர் காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த எல். இளையபெருமாள் (1924–2005). 1952இல் கடலூரிலிருந்தும் 1957இல் சிதம்பரத்திலிருந்தும் மக்களவைக்குத் தேர்வானவர். தீண்டாமை (குற்றங்கள்) சட்டம் 1955இல் நிறைவேறியபோது அவர் மக்களவை உறுப்பினர். பத்தாண்டுகளுக்குப் பின், அக்கொடுமை நாட்டில் எந்த அளவில் நீடிக்கிறது என்று ஆராயும் பொறுப்பும் அவரிடமே வந்தது.

சட்டத் திருத்தம்: 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி, குற்றவாளி அபராதம் மட்டும் கட்டிவிட்டுத் தப்பலாம், நீதிமன்ற அனுமதியுடன் வழக்கைச் சமரசமாகவும் முடித்துக்கொள்ளலாம். ஊரில் செல்வாக்குள்ளவர் பக்கமே அந்தச் சமரசம் சாய்ந்தது. அறிக்கையை அடுத்து 1972இல் திருத்த மசோதா அறிமுகமானது. கூட்டுக்குழுவின் பரிசீலனைக்குப் பின் 1976இல் நிறைவேறி, அதே ஆண்டு நவம்பர் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. குறைந்தது ஒரு மாதச் சிறையும் நூறு ரூபாய் அபராதமும் சேர்ந்தே விதிக்கப்பட வேண்டும் என்றானது. சமரசத்துக்கு இடமில்லாமல் போனது. விசாரணையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியர் குற்றத்துக்கு உடந்தையானவராகக் கருதப்பட்டார். சட்டத்தின் பெயரும் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என மாறியது.

அர்ச்சகர் நியமனம்: பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்றும் குழு பரிந்துரைத்தது. மு. கருணாநிதி தலைமையிலான அரசு 1970 டிசம்பரில் இந்து சமய அறநிலையச் சட்டத்தைத் திருத்தியபோது, அதன் நோக்க விளக்கத்தில் இப்பரிந்துரை இடம்பெற்றது. திருத்தம் செல்லும் என்று சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972இல் தீர்ப்பளித்தது.

இன்றைய நிலை: குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்துடன் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நடைமுறையில் உள்ளது.

வாசிப்பு: மாணவர்கள் முதலில் இவ்வறிக்கையையும், அடுத்து 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தையும், பிறகு சேஷம்மாள் தீர்ப்பையும் படிப்பது நன்று. பரிந்துரை, சட்டம், தீர்ப்பு என்ற மூன்று படிகளும் அவற்றில் தெளிவாகும்.