துளையை நம்பாதே, இழையைப் பார்

காளான்களை அடிப்பக்கம் பார்த்துப் பிரித்தவர் ஸ்வீடனின் எலியாஸ் ஃப்ரீஸ். அவர் நூலின் முதல் பாகம் வந்தது 1821இல். செவுளா, துளையா, முள்ளா? அவ்வளவுதான் கேள்வி. மரத்தை மட்க வைக்கும் வெப்பமண்டலக் காளான்களுக்கு இது சரிவரவில்லை. துளை இருந்தால் பாலிபோரஸ் என்று ஒரே கூடையில் போட்டார்கள். இலங்கையிலிருந்து த்வைட்ஸ் காயவைத்து அனுப்பியதற்கெல்லாம் இங்கிலாந்தில் இருந்தபடி பெயர் வைத்தார் பெர்க்லி. காய்ந்த சருகில் வேறென்ன தெரியும், பாவம்!

1929இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்த கார்னர், கேள்வியையே மாற்றினார். உள்ளே என்ன இருக்கு? 1932இல் பாலிஸ்டிக்டஸ் சாந்தோபஸ் என்ற காளானை இழை இழையாகப் பிரித்து எழுதினார். வித்து உண்டாக்கும் மெல்லிய இழை ஒன்று. தடித்த சுவருடன் நீளமாக ஓடுவது இரண்டாவது. மூன்றாவது குட்டையாகக் கிளைத்து மற்றதையெல்லாம் இறுக்கிப் பிடிக்கும். கான்கிரீட்டில் கம்பியும் கட்டுக்கம்பியும் மாதிரின்னு வைத்துக்கொள்ளுங்கள். சிலதில் மூன்றும் உண்டு, சிலதில் முதல் வகை மட்டும்.

இது ஏதோ மியூசியம் விவகாரம் இல்லை. ரப்பர் மரத்தின் வேரை அழுகவைக்கும் காளானைப் பல பத்தாண்டுகள் ஃபோமெஸ் என்றே அழைத்தார்கள். அசல் ஃபோமெஸில் மூன்று வகை இழையும் உண்டு, இதில் ஒன்றுதான். இன்று அதன் பெயர் ரிஜிடோபோரஸ் மைக்ரோபோரஸ்.

பிறகு வந்த டி.என்.ஏ. ஆய்வு கார்னரையும் விடவில்லை. ஒரே மாதிரி இழை அமைப்பு, உறவில்லாத குடும்பங்களில் தனித்தனியாக உருவாகியிருக்கிறது. ஆனாலும் காட்டில் கிடைத்த துண்டை அடையாளம் காண உட்காருபவர் இன்னிக்கும் முதலில் எண்ணுவது இழை வகைகளைத்தான்.