உமர் (ரலி) கேட்ட அழுகுரல்

மரக்காணம் உப்பளங்களில் தை மாதவாக்கில் தொடங்கும் வேலை, வடகிழக்குப் பருவமழை வரும் வரையில் நடக்கிறது. விடியுமுன்பே பாத்திக்குச் சென்று உப்புச் சுமக்கும் பெண்களுள் கைக்குழந்தையை வீட்டில் விட்டு வருவோரும் உண்டு. அவர்கள் திரும்பும் வரை பிள்ளைக்குப் பாட்டியும் புட்டிப்பாலுமே துணை. இக்காலத் தாய்மார்கள் பால் கொடுக்க மறுக்கின்றனர் என்று மிம்பரில் நின்று கண்டித்தவர்களுள் நானும் ஒருவன். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சிந்தித்திருந்தால் அவ்வாறு பேசியிருக்க மாட்டேன்.

மதீனாவுக்கு வணிகர் கூட்டம் ஒன்று வந்து தங்கியது. அன்றிரவு கலீஃபா உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களும் காவல் நின்றனர். ஒரு குழந்தை அழுதது. அதைக் கவனிக்குமாறு தாயிடம் கூறிவிட்டு வந்தார்கள். மீண்டும் அழுகை; மீண்டும் சென்றார்கள். இரவின் கடைசியில் தாயைக் கடிந்துகொண்டார்கள். பேசுபவர் யாரென்று அறியாத அப்பெண், பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பதாகவும், பால் மறந்த குழந்தைக்கே உமர் உதவித்தொகை அளிப்பதாகவும் கூறினார். குழந்தைக்குச் சில மாதங்களே ஆகியிருந்தன! ஃபஜ்ரு தொழுகையில் கலீஃபா அழுத அழுகையில் அவர்கள் ஓதியது மக்களுக்கு விளங்கவில்லை. தம் சட்டத்தால் எத்தனை குழந்தைகள் மடிந்தனவோ என்று கலங்கினார்கள். இனிப் பிறந்தது முதலே உதவித்தொகை உண்டு, அவசரப்பட்டுப் பால் மறக்கடிக்க வேண்டாம் என்று எங்கும் அறிவிக்கச் செய்தார்கள்.

பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனத்திலிருந்து ஈராண்டுப் பாலூட்டலை நாம் அடிக்கடி எடுத்துரைக்கிறோம். பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்று அதே வசனம் விதிப்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. தலாக் ஆன பெண் பாலூட்டினால் அதற்குக் கூலியே கொடுக்கவேண்டும் என்கிறது தலாக் அத்தியாயத்தின் 6ஆம் வசனம்.

பிற்காலத்தில் வணிகமும் தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே புகுந்தது. நம்மவர் பிழைக்கச் சென்ற சிங்கப்பூரில், குழந்தைகளுக்கு இனிப்பூட்டிய டப்பாப் பாலை விற்பதைக் கண்டித்து 1939இல் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் உரையாற்றினார். உரையின் தலைப்பே ‘பாலும் கொலையும்’ என்பதாகும். 1981இல் உலக சுகாதார மன்றம் பால்மாவு விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. இந்தியா 1992இல் சட்டமியற்றி விளம்பரத்தையும் இலவச மாதிரிகளையும் தடுத்தது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் அச்சட்டத்தின் காவலை ஈராண்டு வயது வரை நீட்டியது. அதே ஈராண்டு!

பலனில்லாமல் போகவில்லை. நம் நாட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பருகுவோர் 2005-06இல் 100க்கு 46 பேர். 2019-21இல் ஏறத்தாழ 64 பேர்.

ஆனால் கூலி? மகப்பேறு விடுப்பு 2017இல் 26 வாரங்களாயிற்று. தினக்கூலிக்கு உப்புச் சுமப்பவருக்கு அது பெரும்பாலும் எட்டுவதில்லை. தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட, 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. ஆறு மாதத்துக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய்.

ஜகாத் பட்டியல் எழுதும்போது விதவை யார், கடனாளி யார் என்று விசாரிக்கிறோம். பால்குடிப் பிள்ளையை விட்டுவிட்டு உப்பளத்துக்குச் செல்லும் ஏழைத் தாய் யாரென்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. இவ்வாண்டுப் பட்டியலை இன்னும் எழுதி முடிக்கவில்லை.